செவ்வாய்க்கிழமையில் நான்கு முட்டைகள்

எங்கள் ஊரில் இந்த வருஷம் ஆள்காட்டிக் குருவி செவ்வாய்க்கிழமையில் முட்டையிட்டது.

வழக்கமாக அது தரையில்தான் இடும். கூடு கட்டாது. சரளைக்கல் கிடக்கும் வெட்டவெளியில் காலால் லேசாகப் பறித்து, நாலு கூழாங்கற்களைச் சுற்றிலும் தள்ளிவைத்து, முட்டை எது கல் எது என்று தெரியாதபடி விட்டுவிடும். எங்கள் ஈச்சமேட்டில் இப்போது அப்படிப்பட்ட தரை இல்லை. குளத்துக்கு மேற்கே மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். கோயில் திடலில் சிமெண்டுக் கல் பதித்தாயிற்று. மிச்சமிருந்த புறம்போக்கில் சீமைக் கருவேலம் ஆள் நுழைய முடியாமல் அடைந்து கிடக்கிறது. குருவி இரண்டு வாரம் ஊரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. திறந்து கிடந்தவை கிழமைகள் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, கூட்டம் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

அதை முதலில் கண்டது நான்தான். என் பெயர் சண்முகவடிவு. பேரூராட்சியில் கிழமை மாற்றும் வேலை, பதினோரு வருஷமாக. விடிகாலை ஐந்து மணிக்கு அலுவலகப் படியிலிருந்து முந்தின நாளைச் சுருட்டி, அறையில் அதற்குரிய தட்டில் வைத்துவிட்டு, அடுத்த நாளை எடுத்து விரிக்க வேண்டும். ஜமக்காளம் சுருட்டுவது மாதிரிதான். ஞாயிறு லேசாக இருக்கும். வெள்ளியில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. அன்றைக்குப் புதனை எடுத்து வெளியே வைத்துவிட்டு, செவ்வாயைச் சுருட்டப் போனேன். பாதி வந்ததும் உள்ளே ஏதோ தடுத்தது. தூக்கிப் பார்ப்பதற்குள் குருவி கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தது. மஞ்சள் கால்கள் என் முகத்துக்கு நேரே வந்துவிட்டுப் போயின. சுருட்டியதைத் திரும்ப விரித்தேன். நான்கு முட்டைகள். மண் நிறம், கரும்புள்ளி. கூர்முனைகள் நான்கும் நடுவில் சேர்ந்திருந்தன.

செயல் அலுவலர் ரெஜினா மேடம் எட்டு மணிக்கு வந்து குனிந்து பார்த்தார்.

“சுருட்டினா உடைஞ்சிரும்?”

“உடைஞ்சிரும் மேடம்.”

“அப்ப விரிச்சபடியே இருக்கட்டும். எத்தனை நாளைக்கு?”

அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. குளத்துக்கரையில் ஆடு மேய்க்கும் மாடத்தியைக் கூட்டிவரச் சொன்னோம். அவள் முட்டைகளைப் பார்த்தாள், குருவியைப் பார்த்தாள். கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை உள்ள வகை என்றாள்.

“முப்பது நாளாகும்க்கா, முன்னப்பின்ன. பொரிச்ச அன்னைக்கே குஞ்சு நடந்து போயிரும். அதுவரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

ரெஜினா மேடம் உத்தரவை எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரர் வாரது புதன்கிழமைதானே?”

“ஆமா மேடம்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு திறந்து கையெழுத்துப் போட்டார். மத்தியானம் ஆட்டோவில் மைக் கட்டி, நாளையும் செவ்வாய்க்கிழமை என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

விரித்த நாள் சும்மா இருக்காது. விடியும்போது தானாகவே ஓரத்திலிருந்து சுருளத் தொடங்கும். அதனால் தினமும் ஐந்து மணிக்குப் போய்ச் செவ்வாயின் நான்கு மூலையிலும் அம்மிக்குழவி, ஆட்டுக்கல் குழவி என்று கனமாக எதையாவது வைத்து, விளிம்பை நீவிவிட வேண்டும். அது எப்படி என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சலூன்களுக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால் ஆண்களுக்கெல்லாம் முடி காதை மூடியது. பெண்கள் நாங்கள் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். செவ்வாயில் கறி சமைக்காத வீடுகளே ஊரில் அதிகம். கோழிகள் பயமில்லாமல் சமையலறை வரை வந்துபோயின. ஏழாம் வகுப்புக்குச் செவ்வாயில் இரண்டு கணக்கு வகுப்பு. துர்க்கைக்கு விளக்குப் போட்டுப் போட்டு எலுமிச்சை தீர்ந்தது. வெயில் தினமும் ஒரே வெயிலாக இருந்தது, ஏனென்றால் அந்தச் செவ்வாயில் மழை கிடையாது.

பத்து நாற்பதுக்கு ஊரில் எங்கே நின்றாலும் முட்டைகள் காலடியில் தெரியும். ரேஷன் கடை வரிசையிலும் தெரியும், அடுப்படியிலும் தெரியும். அதனால் பத்து நாற்பதிலிருந்து பத்து ஐம்பத்திரண்டு வரை எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே நின்றோம். நின்றவர்களுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாப்பதைப் பார்த்தோம். காகம் வந்தால் ஒரு கத்து, நாய் வந்தால் வேறு கத்து என்று ஊரே கண்டுபிடித்தது. வெயில் ஏறும்போது குருவி குளத்துக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருவதை முதலில் கவனித்தது ரேஷன் கடையில் எடை போடுகிறவர்.

முட்டையைக் கண்ட அன்றைக்கே பதினோரு மணி பஸ் ஊர் எல்லையில் ஓடைப்பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அங்கே புதன்கிழமை. கண்டக்டர் டிக்கெட்டைப் பார்த்து, ஈச்சமேட்டுக்குப் புதன்கிழமை வர வேண்டியவர்களை இறக்கிவிட்டார். ஊருக்குள் புதன் விரிந்தால்தான் அவர்கள் பாலம் தாண்ட முடியும். வாரம் ஒருநாள் வருகிற பல் டாக்டர் இறங்கினார். கருவாட்டுக் கூடையோடு சூசையம்மாள் இறங்கினாள். கடைசியாகக் கயிறு கட்டிய இரண்டு பெட்டிகளோடு என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் இறங்கினார். மஸ்கட்டில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல் வேலை. இரண்டு வருஷம் கழித்து வருகிறார். மீசை நரைத்திருந்தது. போனில் அது தெரிந்ததில்லை.

பாலம் நாற்பது அடி இருக்கும். நான் இந்தக் கோடியில் நின்றேன்.

“வடிவு, அங்கயே ஏன் நிக்க?”

“இங்க இன்னும் செவ்வாதான்.”

“எதுக்கு?”

“ஆள்காட்டி முட்ட போட்டிருக்கு.”

அவர் பெட்டிகளைக் கீழே வைத்தார். “எத்தன நாளாகும்?”

“முப்பதுன்னு சொல்லுதாங்க. முன்னப்பின்ன.”

“எனக்கு லீவே முப்பது நாள்தான வடிவு.”

“தெரியும்.”

நான் பாலத்தைத் தாண்டியிருக்கலாம். தாண்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பி வர எங்கள் ஊரில் புதன் பிறக்க வேண்டும், விடிந்தால் செவ்வாயின் மூலைகளில் கல் வைக்க ஆள் வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு பஸ் நிழற்குடையில் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மூன்று நாள் அப்படியே இருந்தார். நான் தினமும் வேலை முடிந்து பாலத்துக்குப் போய், அந்த முதுகைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு வருஷமாக அதுவும் பார்க்கக் கிடைத்ததில்லை.

நாலாம் நாள் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். “என்ன கொளம்பு வச்ச?”

“புளிக்கொளம்பு.”

“கொஞ்சம் குடுத்து விடேன்.”

தூக்குவாளியைப் பாலத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்தேன். அவர் எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அந்தப் பக்கம் அதற்குள் சனிக்கிழமை. செவ்வாயன்று வைத்த குழம்பு சனிக்கிழமை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதன் பிறகு நாள்பட்டால் ருசிக்கிற பண்டங்களாகப் பார்த்து அனுப்பினேன். காலையில் நார்த்தங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைப்பேன். பாலத்தின் நடுவில் அது நிறம் மாறும். அவர் கைக்குப் போகும்போது நன்றாக ஊறியிருக்கும். சூசையம்மாள் அதற்குக் கருவாடு சுட்டுக் கொடுத்தாள். பல் டாக்டரும் சேர்ந்து சாப்பிட்டார்.

புதன்கிழமைக்காக ஊருக்குள் தவித்தது பக்கத்து வீட்டுத் தங்கப்பழம். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடைவாய்ப்பல் வீங்கி ஒரு பக்கக் கன்னம் தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து, வாயைத் திறங்க, இன்னும் திறங்க, வெயில் பக்கம் திரும்புங்க என்று பார்ப்பார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார். எட்டாம் செவ்வாயன்று தங்கப்பழம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“மதினி, என்னால முடியல. இன்னைக்கு பத்து நாப்பதுக்கு நான் நிக்க மாட்டேன். நடப்பேன். மிதிபட்டா படட்டும்.”

“வலி கூடிட்டா?”

“கூடிட்டு.”

அவரை நான் தடுக்கவில்லை. அவருக்கு வலிக்கிறது.

பத்து நாற்பது ஆனது. நான் எங்கள் வாசலில் நின்றேன். அவர் தெருவின் நடுவில் நின்றார். செருப்புக்காலைத் தூக்கினார். குருவி முட்டையை விட்டு இறங்கி, அவருக்கு முன்னால் விழுந்து ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு தத்தியது. ஒடிந்த இறக்கை மாதிரியே மண்ணில் கோடு போட்டது. தங்கப்பழம் தூக்கிய காலை ஓரமாக வைத்தார்.

“அடி பட்டிருக்கு மதினி,” என்றார். குனிந்து பிடிக்கப் போனார். அது இரண்டடி தள்ளி விழுந்தது. அவர் பின்னாலேயே போனார். இப்படியே குருவி அவரைப் பதினொன்றரைக்குக் கூட்டிப்போனது, பிறகு ஒரு மணிக்கு, பிறகு மூன்று மணிக்கு. ராகுகாலத்தில் குளத்துக்கரையில் வைத்து எழுந்து, இரண்டு இறக்கையையும் நன்றாக அடித்துப் பறந்து திரும்பி வந்தது. தங்கப்பழம் வெயிலில் வெந்துபோய் நாலரை மணிக்கு வந்தார். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் இருந்தது.

“அதுக்குன்னு கொண்டு வந்தேன். நல்லா பறக்கு,” என்றார். சிரட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து பத்து நாற்பதுக்குத் தெருமுனையில் நின்று, வருகிறவர்களைக் கைகாட்டி நிறுத்துவது அவர்தான். வாயைத் திறக்க முடியாததால் கையால் மட்டும் சொன்னார்.

பதினேழாம் செவ்வாயன்று நான் பாலத்துக்குப் போனபோது என் வீட்டுக்காரர் எழுந்து வரவில்லை. நிழற்குடையில் போர்த்திப் படுத்திருந்தார்.

“நல்ல காய்ச்சல்,” என்றார் பல் டாக்டர். “மாத்திரை குடுத்திருக்கேன். ஆனா நான் பல்லுக்குத்தான் படிச்சேன்.”

“கஞ்சி வச்சுக் குடுத்தேன். பாதிதான் குடிச்சாரு,” என்றாள் சூசையம்மாள். அவளுடைய புடவையைத்தான் அவருக்குப் போர்த்தியிருந்தாள்.

நான் கஞ்சி வைத்து அனுப்ப முடியாது. அந்தப் பக்கம் போனால் பதினாறு நாள் பழைய கஞ்சியாகிவிடும். நெற்றியில் கைவைத்துப் பார்க்க நாற்பது அடி. பாலத்தின் கைப்பிடியை இருட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விடிகாலை அலுவலகத்துக்குப் போனேன். கல் வைப்பதற்குப் பதிலாக, இருந்த கல்லை எடுத்தேன். மூன்று மூலைகளில் எடுத்தாயிற்று. செவ்வாய் தானாகச் சுருளத் தொடங்கியது. ஆறு மணி சுருளுக்குள் போனது, ஏழு, எட்டு. ஒன்பதரையில் அதைக் கையால் நிறுத்தி ஒரு விளிம்பைத் தூக்கிப் பார்த்தேன். குருவி முட்டைமேல் இருந்தது. கத்தவில்லை. பாயவுமில்லை. பதினேழு நாளாக என்னைப் பார்த்துப் பழகியிருந்தது. அதன் வயிற்றுச் சிறகிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் கட்டைவிரலில் விழுந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

கற்களைத் திரும்ப வைத்தேன். நீவிவிட்டேன். நாலாவது கல்லின்மேல் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன்.

இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல் விட்டது. பாலத்துக்கு வந்து உட்கார்ந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கல்லை எடுத்ததையும் சொன்னேன், திரும்ப வைத்ததையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“வயித்த நனைச்சுட்டா வருது?”

“ஆமா. வெயில் ஏறுனா ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ.”

“சூடு கூடிரக் கூடாதுன்னு பாக்குது,” என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். பதினெட்டு வருஷமாக அடுப்பு முன்னால் நிற்கிறவர். “அளவு தெரிஞ்சிருக்கு அதுக்கு. யாரு ராத்திரி உக்காருதா, ஆணா பொண்ணா?”

அன்றிலிருந்து, அலுவலகப் படியில் விரித்த செவ்வாயில் பார்த்ததையெல்லாம் தினமும் அவருக்குச் சொன்னேன். முட்டையை எந்தப் பக்கம் புரட்டியது, கீரி வந்தபோது எப்படிக் கத்தியது, எத்தனை முறை குளத்துக்குப் போனது. அவர் பக்கத்திலிருந்து அது எதுவும் தெரியாது. இரண்டு வருஷமாக நாங்கள் போனில் பேசியதைவிட அந்தப் பாலத்தில் அதிகம் பேசினோம்.

ஒருநாள் அவர் கேட்டார். “அடுத்த வருசமும் தரை கெடைக்காம கிழமையில போட்டா என்ன செய்வ?”

நான் காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் போனபோது அவர் யாரிடமோ மண்வெட்டியும் அரிவாளும் வாங்கி வைத்திருந்தார். நிழற்குடைக்குப் பின்னால் ஓடைப் புறம்போக்கில் கருவேலத்தை வேரோடு தோண்டிக்கொண்டிருந்தார். சூசையம்மாள் முள்ளை அள்ளினாள். பல் டாக்டர் ஒவ்வொரு வேரையும் ஆட்டி ஆட்டிப் பார்த்துப் பிடுங்கினார். அவருக்கு அது கைவந்த வேலை. ஒரு வாரத்தில் எங்கள் அலுவலகக் கட்டடம் அளவுக்கு இடம் வெளுத்தது. ஓடையிலிருந்து சரளை அள்ளிப் பரப்பினார்கள். அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை ஒரு கோடை மழை பெய்தது. முள் போன இடத்தில் நெருஞ்சியும் கொழுஞ்சியும் தாமாகவே முளைவிட்டன.

“கல்லு ரொம்பப் பெருசா இருக்கோ?” என்று ஒரு கல்லைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் சின்னதா.”

அவர் சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்து வந்து காட்டினார்.

இருபத்தொன்பதாம் செவ்வாய், பத்து நாற்பதுக்கு முட்டைகள் பொரிந்தன. ஊர் முழுக்க நின்றது. எல்லோர் காலடியிலும் நான்கு குஞ்சுகள், ஈரம் காய்ந்ததும் சரளைக்கல்லுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தன. பத்து ஐம்பத்திரண்டைத் தாண்டி அவை வெளியே நடந்தபோது ஒரே இடத்தில்தான் இருந்தன, ரேஷன் கடைக்கு எதிரே. பெரிய குருவிகள் இரண்டும் முன்னும் பின்னுமாகக் கத்திக்கொண்டு போயின. தங்கப்பழம் சாலையை மறித்துக் கைகளை விரித்து நின்றார். நாய்களை வீட்டுக்குள் கட்டிவிட்டார்கள். ஏழாம் வகுப்பு கணக்கை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தது. நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

அவை நேரே ஓடைப்பாலத்துக்குப் போயின. அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. ஏறி நடந்தன. அந்தப் பக்கம் எங்களைவிட இருபத்தெட்டு நாள் முன்னால் இருந்தது. பாலத்தின் கால்வாசியில் குஞ்சுகளின் கால் நீண்டது. பாதியில் கழுத்தில் கறுப்பு இறங்கியது. முக்கால்வாசியில் இறக்கை முளைத்தது. அந்தக் கோடியில் ஒன்று இறக்கையை விரித்து, ஒரு முழ உயரம் எழும்பி இறங்கியது. மற்ற மூன்றும் அதைப் பார்த்தன.

என் வீட்டுக்காரர் சரளைக்கு நடுவில் கூடையோடு நின்றிருந்தார். அசையவில்லை. அவை அவரைச் சுற்றிப் போய் நெருஞ்சி ஓரத்தில் மேயத் தொடங்கின. ஒன்று அவருடைய செருப்பின் நிழலில் பதுங்கி உட்கார்ந்தது. அவர் கண்ணை மட்டும் உயர்த்தி, பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார்.

மறுநாள் விடிகாலை செவ்வாயைச் சுருட்டினேன். இருபத்தொன்பது நாள் உழைத்ததில் மெலிந்து போயிருந்தது. புதனை விரித்தேன். அவர் காலையிலேயே பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார். பல் டாக்டர் தங்கப்பழத்தின் பல்லைத் தெருவில் வைத்தே பிடுங்கினார். சலூன் வாசலில் ஊரே நின்றது. நாங்கள் எங்கேயும் போகவில்லை. அவர் அடுக்களையில் புகுந்து எனக்குச் சமைத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டு, பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல், ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் உட்காருவதுதான் மிச்சமிருந்தது.

அவருடைய விமானம் வியாழக்கிழமை. கயிறு கட்டிய பெட்டிகளை அவர் அவிழ்க்கவே இல்லை.

வியாழன் விடிகாலை நான் அலுவலகத்துக்குக் கிளம்பியபோது அவரும் கூடவே வந்தார். வியாழனை எடுத்து வெளியே வைத்தேன். புதனின் ஓரத்தில் கைவைத்தேன். சுருட்டாமல் அவரைப் பார்த்தேன். அந்த நாளின் நான்கு மூலைகளுக்குமான கல் பக்கத்திலேயே கிடந்தது.

“வியாழன விரிக்கட்டா?”

“விரி,” என்றார். “நான் போவல. ஓடைப் பக்கம் இன்னும் பாதி முள்ளு கெடக்கு.”

“கம்பெனிக்கு?”

“வேற ஆளு பாத்துக்கிடட்டும். நான் இங்க எங்கயாவது அடுப்பு மூட்டிக்கிடுதேன்.”

புதனைச் சுருட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தும் மெதுவாகத்தான் சுருட்டினேன். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வடக்கிலிருந்து, வருஷந்தோறும் போல, பனைமரங்கள் வலசை வந்தன. வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டன. வேர்களைப் பின்னால் நீட்டி, ஓலைகளை அடித்துக்கொண்டு, வரிசை கலையாமல் தெருவுக்கு மேலே போயின. அவர் நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்து, நூற்றுப்பத்து என்றார். பெரும்பாலானவை குளத்துக்கரையில் இறங்கின. நான் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டேன். கூட்டத்தில் கடைசியாக வந்த இளம் வடலிப்பனை ஒன்று எங்கள் முற்றத்தின் மேல் இரண்டு முறை வட்டமிட்டது. இறங்க இடம் போதாது போலிருந்தது. அவர் போய்ச் சைக்கிளை நகர்த்தி வைத்தார்.